ஏழாம் எண் பழுப்பு

சொங்ஜு நகரின் ஆய்வகத்துக்கு
இலையுதிர்காலம் பிப்ரவரியிலேயே வந்துவிடும்.
வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்க
உள்ளே தோ ஹாரங்
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
இருபத்திரண்டு பழுப்புகளைக்
கோடு கோடாக இழுத்துவைத்துக்கொண்டு
ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை,
குழல்விளக்கில் ஒருமுறை,
கழிப்பறைக் கண்ணாடியில் ஒருமுறை
பார்ப்பாள்.

கூட்ட அறையில் மா குவாங்ஷிக் சொன்னார்:
இந்த ஆண்டு உதட்டுக்கு ஓரம் கிடையாது.
நடுவில் அழுத்தி விரலால் கலைத்துவிட வேண்டும்,
யாரோ கூப்பிட்டுப் பாதியில் எழுந்துபோன மாதிரி.
இமைக்கு மினுக்கம் வேண்டாம், மண் போதும்.
கன்னத்துச் சிவப்பு கண்ணுக்கடி வரை ஏறட்டும்,
எதிர்க்காற்றில் நடந்து வந்தவள்போல.
முடிக்குச் செம்பு நிறம் போன வருடத்தோடு சரி;
இனி நனைந்த மரப்பட்டை.
முன்முடி திரைச்சீலையாகப் பிரிந்து விழும்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மொட்டையாக நின்றன,
அவற்றுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அவள் வேலை பெயர் வைப்பது.
மூன்றாம் எண்: சுட்ட சர்க்கரைவள்ளி.
நான்கு: பள்ளிக்கூடச் செங்கல்.
ஐந்து: கனிந்து தோல் வெடித்த சீமைப் பனிச்சை.
நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள்.
தோலும் வெடிப்பும் போய்
கனிவு மட்டும் மிஞ்சியது.

ஏழுதான் மசியவில்லை.
சிவப்போடு சேராது,
பழுப்பு என்று கூப்பிட்டால் முகம் திருப்பும்.
பூசிப் பார்த்தால்
இவள் தூக்கம் கெட்டவளா, துணிந்துவிட்டவளா என்று
கண்ணாடிக்கே பிடிபடாது.
பசலையின் நிறம் அல்ல அது;
பசலை தெரியக்கூடாதென்று
எழுந்ததும் எடுத்துப் பூசிக்கொள்ளும் நிறம்.

மணி பதினொன்று இருபது.
கடைசி வண்டி பதினொன்று முப்பத்தொன்றுக்கு.
ஒற்றை விரலால் தட்டினாள்:
கடைசிப் பேருந்துக்கு முன்.
விடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று
கோட்டை மாட்டியபடி ஓடினாள்.
விடிந்தபோது அது அச்சுக்குப் போயிருந்தது.

அக்டோபரில்,
கிங்கோப் பழங்கள் நடைபாதையில் மிதிபட்டு நாற,
கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
அவள் வைத்த பெயர்கள் வரிசை கட்டி நிற்க,
அவள் அங்கே இல்லை.
அடுத்த வசந்தத்தில் இருக்கிறாள்.
முழங்கை வரை பீச், பவளம்,
பால் சிந்திய இளஞ்சிவப்பு.

அப்படி ஓர் இரவுதான்
மறுபடியும் ஓடிப்போய் ஏறினாள்.
ஓட்டுநரின் சட்டைப் பட்டையில் பெயர்: பியன் ஓக்சில்.
தொப்பிக்குக் கீழே
மூன்று விரல் அகலம் நரை,
அதற்கப்புறம் செம்பு,
கூட்டம் போட்டு முடித்துவைத்த அதே செம்பு.
திரைச்சீலை ஏதுமில்லை. இரண்டு கறுப்பு ஊசிகள்.
பக்கத்தில் காகிதக் குவளையில் ஆறிய காப்பி.
விளிம்பில் ஓர் அரைநிலா.

ஏழு.

கலைக்கவில்லை, கரைக்கவில்லை.
பென்சிலால் ஓரம் கட்டி
கோட்டைத் தாண்டாமல் நிரப்பியிருந்தார்,
அரசாங்கப் படிவம் நிரப்புவதுபோல.
தெருவிளக்குகள் ஒவ்வொன்றும்
அந்த வாயை ஒரு நொடி தொட்டுவிட்டு விலகின.

பெயரைப் படித்து வாங்கினாரா?
தள்ளுபடிக் கூடையில் கைக்கு வந்ததா?
நான்தான் அதற்கு, என்று தொடங்கிய வாக்கியத்தை
நான்கு நிறுத்தங்கள் வரை
நாக்கில் உருட்டிப் பார்த்தாள்.
எப்படிச் சொன்னாலும் சிறுபிள்ளைத்தனமாக இருந்தது.

இறங்கக் கம்பியைப் பிடித்தபோது சட்டைக்கை மேலேறியது.
ஓட்டுநர் பார்த்துவிட்டார்.
“என்னம்மா கையில், தோல் வியாதியா?”
“இல்லை. வசந்தம்.”
“அதுக்குள்ளேயா?”

கதவு மூடிக்கொண்டது.
உள்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து
உதட்டின் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
காலி வண்டியை
பணிமனைப் பக்கம் திருப்பினார்.